மூலையில் கிடந்த காசு

(நம் சங்கத்தின் மூத்தோர் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. இதழுக்காகச் சற்றே சுருக்கி எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



"உங்களுக்குப் பிடித்த எதைப் பற்றியாவது இருபது நிமிடம் பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னார். எனக்குப் பிடித்தது குறுக்கெழுத்து. காலையில் பார்க் பெஞ்சில் பேப்பரை நாலாக மடித்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான்தான். நாற்பது வருடமாக ஆங்கிலக் கட்டம் போடுகிறேன். "கட்டத்தை நிரப்பத் தெரியுது, காய்கறிப் பையை நிரப்பத் தெரியலையே" என்பது என் மனைவியின் நாற்பது வருடக் குறை.

ஆனால் இன்று பேசப்போவது ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்த குறுக்கெழுத்தைப் பற்றி. "எனக்கு பிரெஞ்சு தெரியாதே" என்று எழுந்துவிடாதீர்கள். எனக்கும் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன்பு நானும் மனைவியும் மகள் வீட்டுக்கு, கனடாவில் உள்ள மான்ட்ரியல் நகரத்துக்குப் போனோம். ஆறு மாதம், அதுவும் பனிக்காலம். அது கியூபெக் மாகாணம். அங்கே பிரெஞ்சுதான் ஆட்சிமொழி. 1977-ல் வந்த மொழிச் சட்டத்தின்படி, வெளிநாட்டிலிருந்து குடியேறுபவர்களின் பிள்ளைகள் பொதுவாக பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். பிரான்ஸ் நாட்டிலேயே சாலையில் 'ஸ்டாப்' என்றுதான் பலகை வைத்திருக்கிறார்கள். கியூபெக்கில் அதையும் விடவில்லை, 'அரே' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

போன மூன்றாம் நாள் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனோம். மனைவிக்கு முழங்கால் வலி. ஊரிலிருந்து கொண்டுபோன தைலம் தீர்ந்துவிட்டது. நான் மேலே தொங்கிய பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் பெரிய எழுத்தில் பி, ஏ, ஐ, என் என்று தொங்கியது. பெயின்! "வா, வலிக்குத் தனி வரிசையே வைத்திருக்கிறான்" என்று பெருமையாக அழைத்துப்போனேன். போய்ப் பார்த்தால் வரிசை முழுக்க ரொட்டி. பிரெஞ்சில் அந்த நாலு எழுத்துக்கு ரொட்டி என்று பொருள்.

அதோடு முடியவில்லை. அந்தச் சொல்லை அவர்கள் மூக்கால் உச்சரித்தால் நம் காதில் 'பேன்' என்று விழுகிறது. மறுநாள் காலை என் பேத்தி "பாட்டி, எனக்கு பேன்" என்றாள். பாட்டி அவளை இழுத்து மடியில் உட்காரவைத்து, சீப்பை எடுத்துத் தலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்று பேத்தி சிரிக்கவில்லை. அதுதான் விஷயம்.

அவளுக்கு அப்போது எட்டு வயது. சென்னையில் மூன்றாம் வகுப்பு வரை படித்துவிட்டுப் போனவள், வாயாடி. அங்கே போய் ஒரு வருடத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது. பிரெஞ்சு தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு அங்கே வரவேற்பு வகுப்பு என்று தனியாக நடத்துகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தக் குழந்தைக்கு வாயைத் திறந்தால் தப்பாக வந்துவிடுமோ என்று பயம். பள்ளியில் பிரெஞ்சு பேச மாட்டாள். வீட்டில் ஆங்கிலம் பேசினால் பிரெஞ்சு கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதால் அதையும் விட்டாள். தமிழ் தானாகவே நழுவிக்கொண்டிருந்தது. ஆக மூன்று மொழி தெரிந்த குழந்தை, பேசாத குழந்தையாக இருந்தாள்.

ஒருநாள் அவள் நோட்டு என் கண்ணில் பட்டது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு வட்டம். "நான் நூலகத்துக்குப் போனேன்" என்று எழுத நினைத்து 'லிப்ரேரி' என்று எழுதியிருக்கிறாள். பிரெஞ்சில் லிப்ரேரி என்றால் புத்தகக் கடை. நூலகத்துக்கு வேறு சொல். "ஓய்வெடுத்தேன்" என்பதற்கு 'ரெஸ்தே' என்று எழுதியிருக்கிறாள். அதற்கு அங்கே 'தங்குவது' என்று பொருள். ஆங்கிலம் தெரிந்த குழந்தை என்பதால், ஆங்கிலம் மாதிரியே இருக்கும் சொல்லைப் போட்டுவிடுகிறாள், வட்டம் வாங்குகிறாள். இப்படிப்பட்ட சொற்களுக்கு பிரெஞ்சுக்காரர்கள் 'ஃபோ ஸாமி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொய் நண்பர்கள் என்று அர்த்தம்.

நோட்டைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. வகுப்பறையில் இவை தப்பு. குறுக்கெழுத்தில் இவைதான் மூலதனம்.

ஏன் என்று சொல்ல, குறுக்கெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் வந்தது. அமைத்தவர் ஆர்தர் வின், லிவர்பூலில் பிறந்தவர். அது வைர வடிவக் கட்டம். குறிப்புகள் நேரானவை, ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பவை. இங்கிலாந்துக்குப் போனதும் அது திரிந்துவிட்டது. அப்சர்வர் பத்திரிகையில் 1926 முதல் டார்க்கமாடா என்ற புனைபெயரில் ஒருவர் கட்டம் போட்டார். பழைய ஸ்பெயினில் மத விசாரணை நடத்தியவரின் பெயர் அது. வாசகரை வதைப்பது என்று முடிவு செய்துதான் பெயரே வைத்திருக்கிறார். டைம்ஸ் பத்திரிகை 1930 பிப்ரவரி 1 அன்று ஆரம்பித்தது. இப்படி வளர்ந்ததுதான் 'கிரிப்டிக்'.

கிரிப்டிக் குறிப்பில் இரண்டு பாகம் உண்டு. ஒரு பாகம் விடையின் பொருளைச் சொல்லும். மற்றது அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழியைச் சொல்லும். எது எந்தப் பாகம் என்று மட்டும் சொல்லாது. நானே செய்த எளிய உதாரணம்: "பிரெஞ்சு 'தி' அம்மாவுடன் சேர்ந்தால் துறவி, நாலு எழுத்து." ஆங்கில 'தி' என்பதற்கு பிரெஞ்சில் 'லா'. அம்மா என்பதற்கு ஆங்கிலத்தில் 'மா' என்றும் உண்டு. லா, மா. லாமா! திபெத்தியத் துறவி.

கவனித்தீர்களா, ஆங்கிலக் குறுக்கெழுத்துக்குள் பிரெஞ்சு முன்பே குடியேறியிருக்கிறது. லெ, லா, உன், எ, அமி, மெர் என்று ஒரு கைப்பிடி பிரெஞ்சுச் சொல் தெரியாமல் எந்த ஆங்கிலக் கட்டத்தையும் முடிக்க முடியாது. பிரான்சில் நீஸ் என்று ஒரு ஊர். அதன் எழுத்தும் ஆங்கிலத்தில் 'நைஸ்' என்பதன் எழுத்தும் ஒன்றே. "நைஸ் ஃப்ரெண்ட்" என்று குறிப்பு இருந்தால் அது நல்ல நண்பர் இல்லை. நீஸ் ஊர் நண்பர், 'அமி'. நாற்பது வருடமாக இந்தச் சொற்களை எழுத்தாகவே தெரிந்து வைத்திருந்தேன். அவற்றைச் சொல்லக் கேட்டது பேத்தி வாயிலிருந்துதான்.

பிரெஞ்சுக்காரர்களின் பாணி வேறு. 1924-ல் பாரிஸ் பத்திரிகைகளுக்கு இந்த விளையாட்டு போய்ச் சேர்ந்தது. எழுத்தைப் பிரிப்பது, கலைப்பது எல்லாம் அவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பொருளையே முறுக்குவார்கள். "குளியல் தொட்டிகளைக் காலி செய்து, கைகழுவும் தொட்டிகளை நிரப்புவது எது?" என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பழைய குறிப்பு. விடை: நாடகத்தின் இடைவேளை! அவர்கள் மொழியில் குளியல் தொட்டி என்ற சொல்லுக்கே அரங்கின் கீழ்த்தளத் தனி இருக்கை என்றும் பொருள். கைகழுவும் தொட்டி என்றால் கழிப்பறையையும் குறிக்கும். இடைவேளை விட்டால் இருக்கை காலியாகும், மற்றது நிரம்பும். நம் ஊர் தியேட்டரிலும் அதேதானே.

ரொபேர் ஸிப்பியோன் என்பவர் போட்ட குறிப்பு இன்னொன்று: "புதியதோடு சேர்ந்த பழையது." 'நெஃப்' என்றால் புதியது. ஒன்பது என்ற எண்ணுக்கும் அதே சொல். ஒன்பதோடு சேர்ந்த முதுமை, அதாவது தொண்ணூறு வயதுக்காரர். முன்வரிசையில் இருக்கும் நம் மூத்த உறுப்பினர் இதை வாழ்த்தாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கட்டங்களும் வேறு. ஆங்கிலக் கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் இருக்கும், அவ்வளவு ஒழுங்கு. விடைக்கு எத்தனை எழுத்து என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவார்கள். பிரெஞ்சில் கறுப்புக் கட்டம் குறைவு, அது எங்கே வேண்டுமானாலும் விழும். எத்தனை எழுத்து என்று சொல்ல மாட்டார்கள், எண்ணிக்கொள்ள வேண்டியது உங்கள் வேலை. எழுத்தின் தலைமேல் போடும் குறிகளையெல்லாம் கட்டத்துக்கு வெளியே கழற்றி வைத்துவிடுவார்கள். இந்த வித்தியாசங்கள் எங்கள் வீட்டில் ஒரு சண்டையே கிளப்பின. அதற்கு வருகிறேன்.

நோட்டைப் பார்த்த அன்று மாலை பேத்தியைக் கூப்பிட்டேன். "கண்ணு, தாத்தாவுக்கு ஒரு உதவி. இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் எழுத்து ஒன்றாக இருந்து, அர்த்தம் வேறாக இருக்கிற சொல் எனக்கு நிறைய வேண்டும். உன்னிடம்தான் இருக்கிறது" என்றேன்.

"அதெல்லாம் தப்பு, தாத்தா" என்றாள்.

"வகுப்பில் தப்பு. எனக்கு வேண்டும்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ரொட்டி வரிசையில் நான் தைலம் தேடிய கதையைச் சொன்னேன். அதற்கு நான் கட்டிய குறிப்பையும் சொன்னேன்: "பாரிஸ் ரொட்டி தின்றால் வலி, நாலு எழுத்து." கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, அந்த வீட்டுக்கு நாங்கள் போன பத்து நாளில் முதல் முறையாக, சத்தமாகச் சிரித்தாள்.

ஒரு புது நோட்டு போட்டோம். அட்டையில் 'பொய் நண்பர்கள்' என்று எழுதினோம். ஆங்கிலத்தில் அரட்டை, பிரெஞ்சில் பூனை: 'சாட்'. "பூனையின் அரட்டை" என்று குறிப்பு. ஆங்கிலத்தில் நாலு, பிரெஞ்சில் அடுப்பு: "அடுப்பில் நாலு." ஆங்கிலத்தில் முக்கியம், பிரெஞ்சில் கை: "கையே பிரதானம்." ஆங்கிலத்தில் நாற்காலி, பிரெஞ்சில் சதை: "சதைப்பிடிப்பான நாற்காலி." ஆங்கிலத்தில் காசு, பிரெஞ்சில் மூலை: "மூலையில் கிடந்த காசு." எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒரே சொல். இருபது நாளில் முப்பத்தேழு சொல் சேர்ந்தன. சிவப்பு வட்டம் வாங்கிய சொற்களைக்கூட அவளே கொண்டுவந்து, "இது உதவுமா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

இத்தனை சொல் எப்படி ஒன்றாக இருக்கிறது என்றும் கேட்டாள். 1066-ல் நார்மண்டியிலிருந்து வில்லியம் கடல் கடந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தார். அதன்பிறகு பல தலைமுறைகள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான். அப்படிப் போன சொற்கள் ஏராளம். 'காயின்' அப்படிப் போனதுதான். அடியில் இருப்பது ஆப்பு என்ற பொருளுள்ள ஒரே லத்தீன் சொல். ஆப்பு வடிவத்தால் அங்கே மூலை ஆயிற்று. காசு அடிக்கும் அச்சு வழியாக இங்கே காசு ஆயிற்று. ஆனால் 'பெயின்' அப்படியில்லை. ரொட்டிக்கும் வலிக்கும் வேர் வேறு, எழுத்து ஒன்றானது தற்செயல். ஆக, சில சொற்கள் பாகப்பிரிவினை ஆகிப் போன பங்காளிகள். சில சொற்கள் முகச்சாயல் மட்டும் ஒத்த அந்நியர்கள். கல்யாண வீட்டில் நாம் இரண்டு பேரையும் குழப்பிக்கொள்வதில்லையா? அதற்காக யாராவது நமக்குச் சிவப்பு வட்டம் போடுகிறார்களா?

பிறகு கட்டமே அமைக்கலாம் என்று இறங்கினோம். குறுக்கேயும் நெடுக்கேயும் எல்லாச் சொல்லும் இரண்டு மொழியிலும் செல்ல வேண்டும் என்று விதி வைத்தோம். ஒன்பது கட்டத்துக்கு நான்கு நாள் ஆனது. கடைசியில் கிடைத்தது இது. முதல் வரிசை: வி, ஏ, என். இரண்டாவது: ஏ, ஜி, இ. மூன்றாவது: என், இ, டி. வேன், ஏஜ், நெட். மேலிருந்து கீழே படித்தாலும் அதே மூன்று. வீட்டுக்குப் போய் எழுதிப் பாருங்கள்.

இதை அவளுக்கு நான் சொல்லி எழுத வைத்தபோதுதான் முதல் ரகளை. "ஏ, ஜி, இ" என்றேன். அவள் எழுதியது இ, ஜே, ஐ! பள்ளிப் பழக்கத்தில் அவள் காது பிரெஞ்சாகியிருந்தது. நாம் ஏ என்பது அங்கே குறி போட்ட இ. நாம் ஜி என்பது அங்கே ஜே. நாம் இ என்பது அங்கே ஐ. மூன்றெழுத்தும் தப்பு, ஆனால் மூன்றும் சரி. "நீங்கதான் தப்பா சொல்றீங்க தாத்தா" என்றாள். ஒரு வருடமாக யாரையும் எதிர்த்துப் பேசாத குழந்தை அது. என் மகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஏஜ் என்பதற்கு இரண்டு மொழியிலும் வயது. நெட் என்பது ஆங்கிலத்தில் வலை, பிரெஞ்சில் சுத்தமானது, தெளிவானது. வேன் மட்டும் அவளுக்கு பிரெஞ்சில் தெரியவில்லை. அகராதியைப் பார்த்தோம். தானியம் புடைக்கும் பிரம்புத் தட்டு என்று போட்டிருந்தது. "அப்படின்னா?" என்றாள். நம் முறம்தான், வேறென்ன! பாட்டி எழுந்தாள். ஒரு பெரிய தாம்பாளத்தில் உளுந்தைக் கொட்டிப் புடைத்துக் காட்டினாள். தூசி ஒரு பக்கம், உளுந்து ஒரு பக்கம். வெளியே மைனஸ் இருபது டிகிரி. உள்ளே, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு பிரெஞ்சுச் சொல்லுக்கு எங்கள் ஊர்க்காரி பொருள் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் பேத்தி அதை வகுப்பில் தானாக எழுந்து சொன்னாளாம். அந்தச் சொல் வகுப்பில் வேறு யாருக்கும் தெரியவில்லை என்று வந்து சொன்னாள்.

இனி அந்தச் சண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ஒரு குறிப்பு கட்டிக்கொண்டு வந்தாள். "பிரான்சிலிருந்து கால்வாயைக் கடந்து இங்கிலாந்து போனால் காய்ந்துபோகும் பழம்." அசந்துவிட்டேன். எனக்கு விடையும் தெரிந்தது: 'ப்ரூன்'. பிரெஞ்சில் அது புதுப் பழம், ஆங்கிலத்தில் அதையே உலர்த்தியது. ஐந்து எழுத்து, எழுதிக் கொடுத்தேன். "தப்பு!" என்றாள். அவள் நினைத்தது 'ரெய்சின்'. பிரெஞ்சில் திராட்சை, ஆங்கிலத்தில் உலர்திராட்சை. ஆறு எழுத்து.

"எத்தனை எழுத்து என்று நீ போடவில்லையே?"

"பிரெஞ்சுல போட மாட்டாங்க தாத்தா!"

"நம் கட்டம் பாதி இங்கிலீஷ் இல்லையா?"

அரை மணி நேரம் வாதாடினாள். பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு, கோபம் வந்தபோது தமிழ். ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. நான் தோற்றுப்போனதாக ஒப்புக்கொண்டேன். அவ்வளவு மகிழ்ச்சியாக நான் எதிலும் தோற்றதில்லை.

குறுக்கெழுத்து குழந்தையைக் குணப்படுத்திவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவள் அம்மா அப்பாவின் பொறுமை, வகுப்பில் கிடைத்த ஒரு தோழி, ஓடிய காலம் எல்லாம் சேர்ந்துதான் அவள் தேறினாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எதைச் செய்தாலும் தப்பு என்று நினைத்திருந்த ஒரு குழந்தைக்கு, அந்தத் தப்பையே வாங்கிக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் இருந்தார்.

ஒரு எழுத்தாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் பெரெக், பிரெஞ்சுக்காரர். 1976 முதல் லெ புவான் என்ற வார இதழுக்குக் குறுக்கெழுத்து அமைத்தவர். அவர் 1969-ல் ஒரு முழு நாவலை 'இ' என்ற எழுத்து ஓரிடத்திலும் வராமல் எழுதினார். பிரெஞ்சில் அதிகம் புழங்கும் எழுத்து அது. வெறும் வித்தை என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் படித்தேன்: அந்த எழுத்து இல்லாமல் பிரெஞ்சில் தந்தை, தாய் என்ற சொற்களை எழுத முடியாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், சின்ன வயதிலேயே, இருவரையும் இழந்தவர் அவர். எழுத்து விளையாட்டை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன்.

எனக்கும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பேத்திக்கு இப்போது பதினான்கு வயது. மாதம் ஒரு குறிப்பு போனில் அனுப்புகிறாள், பாதிக்கு எனக்கு விடை தெரிவதில்லை. ஆனால் அவள் தமிழ், கோபம் வந்தபோது பேசிய அந்த அளவிலேயே நின்றுவிட்டது. அந்த நோட்டில் நாங்கள் தமிழுக்கு ஒரு கட்டமும் போடவில்லை. முறத்தைக்கூட பிரெஞ்சு வழியாகத்தான் சேர்த்தோம். இது என் தப்பு. இதற்கு நானே வட்டம் போட்டுக்கொள்கிறேன்.

அதனால்தான் இன்று ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பில் ஆங்கிலம் பேசும் பேரக்குழந்தைகள் எத்தனை பேர்! லிஃப்டில் நாம் "சாப்பிட்டியா?" என்றால் தலையாட்டிவிட்டு இறங்கிப் போகிறார்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த கட்டம் ஒன்றை இவர்களோடு சேர்ந்து செய்யலாம். எழுத்து ஒன்றாக இருக்க வழியில்லை, ஒலி ஒன்றாக இருந்தால் போதும். "படுத்துக்கொள்ள ஆங்கிலப் பையன், இரண்டு எழுத்து." பாய்! "ஆங்கிலத்தில் என்னுடையது, பேனாவுக்குள் இருக்கும், ஓர் எழுத்து." மை! இன்னொன்று: "ஆங்கில ஊசி முதுகுப் பக்கம் குத்தும், இரண்டு எழுத்து." இதற்கு விடை அடுத்த இதழில்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு சங்க அறையைத் திறந்து தருவதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பேரன் பேத்தியோடு வாருங்கள். அவர்கள் தப்பாகச் சொல்லும் சொற்களை மறக்காமல் கொண்டுவாருங்கள், அவைதான் முதலில் வேண்டும். பேனா வேண்டாம், பென்சில் போதும். அழிப்பான் நான் கொண்டுவருகிறேன்.